வைஸிடம் சொன்ன பேச்சு

என் தங்கையின் கணவரும் நானும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அந்தப் பேசாத காலத்தில்தான் இருவரும் சேர்ந்து ஒரு பந்தயக் கார் கட்டினோம். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். "பேசாம எப்பிடி வே கார் கட்டுவீரு? கனாக் கண்டீரா?" என்கிறார்கள். பேசினோம் ஐயா. வைஸிடம் பேசினோம்.

திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருவில் எங்களுக்கு இரும்புக்கடை. அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து போட்ட கடை, அவர் போன பிறகு என் தலையில் விழுந்தது. கடைக்குப் பின்னால் சரக்குப் போட்டு வைக்க ஒரு கிட்டங்கி. அதன் நடுவில் கனத்த பலாமர மேசை. மேசை முனையில், இரும்பைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும் அந்த வைஸ். மாப்பிள்ளை எனக்குச் சொல்ல வேண்டியதை வைஸைப் பார்த்துச் சொல்வார். நானும் பதிலை வைஸிடமே சொல்லுவேன். எங்கள் ஆட்களுக்கு இது புதுசில்லை. மாமியாரோடு கோபித்துக்கொண்ட மருமகள், "தூணே, சாப்பாடு எடுத்து வச்சாச்சு" என்பாள். தூணும் பாவம், ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

சண்டை வந்தது கல்யாணத்தன்று. மாப்பிள்ளை அழைப்புக்கு நான் தெரிந்தவரிடம் கெஞ்சி ஒரு திறந்த கார் வாங்கி வைத்திருந்தேன். நாதஸ்வரமும் பெட்ரோமாக்ஸ் விளக்குமாக ஊர்வலம் சாலை முக்குக்கு வரும்போது வண்டி இருமி, தும்மி, நின்றுவிட்டது. டிரைவர் கைப்பிடியைச் சுற்றுகிறான், சுற்றுகிறான், ஒன்றும் அசையவில்லை. மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? மாலையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இறங்கி பானெட்டைத் திறந்துவிட்டார். அவர் திருநெல்வேலிக்காரர். யுத்தத்தில் பட்டாளத்து வொர்க்‌ஷாப்பில் லாரி சரிபார்த்தவர், அப்போது மராமத்து இலாகாவில் ரோடு உருளைகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். இரண்டு நிமிஷத்தில் ஏதோ குழாயைக் கழற்றி ஊதினார். வண்டி கிளம்பியது. கூட்டம் கை தட்டியது. அதோடு விட்டிருக்கலாம். "இரும்புக்கடைக்காரங்களுக்கு இரும்பு தெரியும், எஞ்சின் எங்க தெரியப் போவுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். அன்றும் அப்படி, இன்றும் அப்படி. "மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுக்கோம்னு நெனச்சேன். மெக்கானிக்குக்குக் குடுத்திருக்கோம்" என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. தாலி கட்டும் வரை என்னைப் பார்க்கவே இல்லை. கட்டிய பிறகும் பார்க்கவில்லை.

அதிலிருந்து, முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றவன் என்று ஆகிவிட்டது. யாரும் சொல்லி வைத்த விதி இல்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும். தலை தீபாவளிக்கு அவர் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டும் ஒரே சட்டியில வெந்த கிழங்கு. புடிச்ச முயலுக்கு மூணே காலு" என்றாள்.

கரமனையில் அவர்கள் வீடு. சாலையிலிருந்து நடந்தால் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தைக் கடக்க முடியாமல்தான் ஒரு பெரிய தப்பு நடந்தது. முதல் வருஷம் தங்கைக்குத் தரித்த கரு மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. வீட்டில் ஒற்றைக்கு இருந்திருக்கிறாள், அவர் வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்திருக்கிறாள். எங்களுக்குத் தெரிந்தது எட்டு நாள் கழித்து. அம்மா மட்டும் ஓடினாள். நான் கடையில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போயிருக்க வேண்டும். போகவில்லை.

கார் விஷயத்துக்கு வருகிறேன். பொன்முடித் தோட்டத்துத் துரை ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு கப்பல் ஏறினார். அவருடைய பழைய இரும்பை எல்லாம் மொத்தமாக நான் எடுத்தேன். கல்லாறு வரை லாரியில் போய் ஏற்றி வந்த குப்பையில் ஒரு குட்டிக் காரின் எலும்புக்கூடும் இருந்தது. யுத்தத்துக்கு முன் வந்த இங்கிலீஷ் வண்டி. நாலு சக்கரம், எஞ்சின், கோணல் சட்டம், அவ்வளவுதான். மேலே உடம்பே இல்லை. உடைத்து எடைக்குப் போடலாம் என்று கிட்டங்கியில் தள்ளி வைத்தேன். வீட்டுக்கு வந்த தங்கை அதைப் பார்த்துவிட்டுப் போய் அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கிட்டங்கி வாசலில் ஆள் நிழல். மாப்பிள்ளை. நான் மேசையில் அரத்தால் ஏதோ ராவிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. வண்டியை மூன்று சுற்று சுற்றினார். குனிந்தார், தட்டினார், எஞ்சினை மோந்துகூடப் பார்த்தார். பிறகு என் எதிரே வந்து நின்று வைஸைப் பார்த்துச் சொன்னார்: "ஏல வைஸு, இத உடைச்சா பாவம் பாத்துக்கோ. இதுக்கு உசுரு இருக்கு."

நான் என்ன செய்வது? பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை, சொன்னால் தோல்வி. வைஸின் கைப்பிடியை ஒரு திருகு திருகிவிட்டு, "வைஸே, உசுரு இருந்தா எழுப்பிக் காட்டச் சொல்லு" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

ஞாயிறு தோறும் காலையில் வருவார். மற்ற நாட்களில் வேலை முடிந்து ஒரு மணி நேரம். முதல் மாதம் முழுக்க எஞ்சின். நான் ஆயுதம் எடுத்துக் கொடுப்பேன், அவர் கேட்காமலே. கேட்க முடியாதே. எந்த நேரத்தில் எது வேண்டும் என்று கையைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். என்னிடமும் சரக்கு இருந்தது. ஒரு இரும்புத் துண்டைக் கல்லில் போட்டால் எழும் சத்தத்திலேயே அது எஃகா, வெறும் பச்சை இரும்பா என்று சொல்லிவிடுவேன். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கைக்கு அவர் ஒரு துண்டைத் தேர்ந்து வைஸில் பூட்டினார். நான் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். "வைஸே, இது செத்த இரும்பு. வளைவுல கை விட்டுரும்" என்றேன். கழற்றி எறிந்தார். நான் எடுத்துக் கொடுத்த துண்டை மாட்டினார். தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "கொள்ளாம்" என்று வைஸிடம் சொன்னார். மலையாளத்துக்காரர்களோடு பழகிப் பழகி எங்கள் எல்லார் வாயிலும் ஏறிவிட்ட சொல்தான், நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அன்று முழுக்க எனக்கு அது காதுக்குள் இனித்தது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

சித்திரை மாதம், வெயில் ஓட்டைப் பிளக்கிறது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கொல்லன் உலையில் காய்ச்சி, தட்டித் தாழ்த்தி எடுத்து வந்திருந்தோம், பந்தய வண்டி மாதிரி தரையோடு படியும்படி. மாப்பிள்ளை பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "வைஸே, வீட்டுல மாங்கா கேக்குறா. புளிப்பா வேணுமாம்" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. என் தங்கைக்கு மறுபடி மூன்றாம் மாதம் என்பதை எனக்குச் சொன்னது ஒரு வைஸ். வெளியே போய் சந்தையில் அலைந்து ஒரு கூடை மூவாண்டன் மாங்காய் வாங்கி வந்தேன். வைஸின் மேல் வைத்தேன். அவர் போகும்போது கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். மராமத்து ஃபிட்டர், தலையில் மாங்காய்க் கூடை. கண் கலங்கிற்று எனக்கு. தூசி என்று வைஸிடம் சொன்னேன்.

இப்போது விஷயம் இது. எங்கள் வழக்கத்தில் தலைப்பிரசவம் பிறந்த வீட்டில். ஏழாம் மாதம் வளை போட்டுக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். சும்மா போய்க் கையைப் பிடித்து இழுத்து வர முடியாது. பெண்ணின் அப்பா, அவர் இல்லாவிட்டால் அண்ணன், மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, "பொண்ண அனுப்பி வையும்" என்று கேட்க வேண்டும். அவர், "கூட்டிட்டுப் போரும்" என்று வாயால் சொல்ல வேண்டும். இரண்டே வாக்கியம். அது நடக்காவிட்டால் அவள் வர மாட்டாள். முதல் தடவை ஒற்றைக்கு இருந்து என்ன ஆயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். "ஆவணிக்குள்ள அவ இந்த வீட்டுக்கு வரல்லன்னா, நான் உன் கையால கஞ்சி குடிக்க மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். தங்கை அம்மாவிடம் சொல்லி அனுப்பியது அதைவிட மோசம்: "எனக்குப் பயமா இருக்கும்மா. ஆனா அவங்க ரெண்டு பேரும் பேசாம நான் படி இறங்க மாட்டேன்."

கோபம் வராதா? இரண்டு ஆண்பிள்ளைகளின் வீம்புக்கு நடுவில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் வாய் இருக்கிறதே, அது ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான்.

மழைக்காலத்தில் உடம்பு கட்டினோம். பட்டாளத்து ஏலத்தில் வந்த அலுமினியத் தகடு என்னிடம் கிடந்தது. முதலில் ஈர்க்கைக் கட்டிக் கூடு மாதிரி உருவம். அதன் மேல் பழைய செய்தித்தாளை ஒட்டி, வெட்டி, அந்தத் தாளைத் தகட்டில் வைத்துக் கோடு. தகடு வளைய மறுத்தால் காய்ச்ச வேண்டும். அலுமினியம் பொல்லாத சரக்கு, இரும்பு மாதிரி சிவந்து காட்டாது. திடீரென்று ஒழுகிப் போகும். அதற்கு மாப்பிள்ளை ஒரு வழி வைத்திருந்தார். துணி சோப்பைத் தகடு முழுக்கத் தேய்த்துவிட்டுக் கீழே தீ காட்டுவார். "வைஸே, சோப்பு கறுத்ததும் தீய எடுத்திரணும். அதுதான் அளவு" என்பார். அம்மாவின் சோப்பெல்லாம் காருக்கே போயிற்று. "கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போறானாம்" என்று அழுக்குத் துணியை என் மேல் வீசினாள்.

சங்குமுகம் கடற்கரை மணலை அரிசிச் சாக்கில் நிரப்பி, அதன் மேல் தகட்டைப் போட்டு, மரச் சுத்தியலால் குழித்துக் குழித்து எடுப்போம். மூக்குப் பகுதியை நான்தான் அடித்தேன். பதினோரு நாள். முதல் தகடு கிழிந்தது. இரண்டாவது, சொல்ல வெட்கம், இட்லிக் கொப்பரை மாதிரி வந்தது. மூன்றாவது சரியாக வந்தது. மாப்பிள்ளை கையால் தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாதாம், கைக்குத்தான் தெரியுமாம். அன்று போகும்போது, அவர் கொண்டு வந்திருந்த இரண்டு மட்டி வாழைப்பழத்தில் ஒன்றை வைஸின் வாயில் வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் இப்படித்தான் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டோம். அவர் கை சுட்டுக்கொண்டால் நான் தேன் கிண்ணத்தை வைஸ் பக்கத்தில் நகர்த்துவேன். எனக்கு இருமல் என்றால் சுக்குக் காப்பி தூக்குப் பாத்திரத்தில் வரும், தங்கை கை மணத்தோடு. பெட்ரோல் தொட்டியை மண்ணெண்ணெய் புனல் செய்யும் தகரக்காரரும், ரேடியேட்டரைக் குடம் பற்ற வைக்கும் பாத்திரக்காரரும் செய்து கொடுத்தார்கள். அவர்களுக்கு எங்களைப் பார்த்தால் வேடிக்கை. "ஏன் முதலாளி, அந்த வைஸுக்கு ஒரு முண்டும் துவர்த்தும் வாங்கிக் குடுத்திருமே" என்று, வைஸுக்கு வேட்டி துண்டு கட்டிவிடச் சொல்லிக் கேலி செய்தார்கள்.

ஊரில் மோட்டார்ப் பைத்தியங்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். யுத்த காலத்தில் பட்டாளம் போட்டுவிட்டுப் போன தார் ஓடுபாதை ஒன்று கடற்கரைப் பக்கம் சும்மா கிடந்தது. அங்கே தார்ப் பீப்பாய்களை வைத்து வளைவு அமைத்து, ஆவணியில் ஒரு ஞாயிறு காலை ஓட்டிப் பார்ப்பது என்று அவர்கள் அனுமதி வாங்கியிருந்தார்கள். ஏழு வண்டிகள். எட்டாவது எங்களுடையது.

அதற்கு முந்தின சனிக்கிழமை. ஆவணி முடியப் பத்து நாள்தான் மிச்சம். காலையில் நான் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு சொல்லிவிட்டேன்: "வைஸே, மாசம் முடியப் போவுது. தங்கச்சியக் கூட்டிட்டு வரணும்." என்னைப் பொறுத்தவரை அது பெரிய இறக்கம். பாதி தோல்வி. மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. அரத்தை எடுத்து ராவிக்கொண்டே இருந்தார். கிர்ர், கிர்ர். இன்னொரு தரம் சொன்னேன். கிர்ர், கிர்ர். எனக்கு உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரை எரிந்தது.

சாயங்காலம் அவர் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். பிரேக் வேலைதான் கடைசி. அந்த வண்டியில் பெடலை மிதித்தால் ஒரு கம்பி இழுக்கும். கம்பி நுனியில் கவைபோல ஒரு துண்டு, அதன் குறுக்கே ஒரு ஆணி. அந்த ஆணி நழுவாமல் இருக்க அதன் நுனித் துளையில் ஒரு ஸ்பிளிட் பின் மாட்டி விரித்துவிட வேண்டும். பெண்கள் கொண்டை ஊசி மாதிரி இருக்கும், அதில் பாதி நீளம். "வைஸே, பிரேக்குக்குப் பின்னு மாட்டணும், மறந்திரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யார் மாட்ட வேண்டும்? அவரா, நானா? வைஸிடம் சொல்லும் பேச்சில் அது இருக்காது. அதுவரை எல்லாவற்றையும் நாங்கள் குறிப்பறிந்து செய்துவிட்டோம். அன்று எனக்குக் குறிப்பறிய மனசில்லை.

பின் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். சில்லறைச் சாமான் போடும் தேங்காய்ச் சிரட்டையில் மேலாகவே கிடந்தது. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். எடுத்து மாட்ட இரண்டு நிமிஷம்கூட ஆகாது. "என் பேச்சுக்குப் பதில் இல்ல. வைஸுகிட்டத்தானே சொன்னாரு, வைஸே மாட்டட்டும்" என்று நினைத்தேன். ஓட்டப் போகிறவர் அவர், கழுத்தும் அவருடையது, காலையில் அவரே மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். சிரட்டையைத் தகரப் பெட்டியில் கவிழ்த்து, மறுநாளைக்கு எடுத்துப் போகும் சாமான்களோடு வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். இதை இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

ஞாயிறு காலை லாரியில் கயிறு கட்டி வண்டியை இழுத்துப் போனோம். மாப்பிள்ளை அரைக்கால் சட்டையும் பட்டாளத்துக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி அழகாகத்தான் இருந்தது, சொல்லிவிடுகிறேன். நான் அடித்த மூக்கு வெயிலில் மின்னியது. முதலில் தனியாக ஒத்திகை ஓட்டம். அவர் கிளம்பினார். சைலன்சர் கிடையாது, சத்தம் காதைப் பிய்த்தது.

ஒரு சுற்று மெதுவாகப் போனார். வளைவுகளில் எஞ்சினைத் தணித்தே திருப்பினார், பிரேக்கைத் தொட்டதாகத் தெரியவில்லை. நான் ஏதோ குறடு வேண்டுமென்று தகரப் பெட்டியைத் திறந்தேன். பின் கிடந்தது. சனிக்கிழமை பார்த்த அதே பின், விரிக்காமல், மாட்டாமல், அப்படியே.

ஓடினேன். வேட்டி காலைத் தடுக்க, செருப்பு எங்கோ பறக்க, ஓடுபாதையை நோக்கி ஓடினேன். வைஸ் சாலைக் கடையில் இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன். "மாப்பிள்ளே! மாப்பிள்ளே! பிரேக்க மிதிக்காதேயும்! நில்லும் ஓய்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை. அவருக்குக் கேட்கவில்லை. எஞ்சின் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

இரண்டாவது சுற்றை வேகமாக எடுத்தார். கடைசி வளைவில் வண்டி தணியவில்லை. கால் ஆடுவது தெரிந்தது, ஒன்று, இரண்டு, மூன்று தரம். கைப்பிரேக்கும் அதே கம்பியில்தான். வண்டி பீப்பாய் இரண்டைத் தட்டி உருட்டிவிட்டு, பாதையை விட்டு இறங்கி, மணலில் துள்ளி, தாழம்புதருக்குள் புகுந்தது. சத்தம் நின்றது. கடல் சத்தம் மட்டும் இருந்தது. அப்போது நான் தங்கையை நினைத்தேன். அவளுடைய நெற்றியை நினைத்தேன். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஓடின ஓட்டத்தில் ஒரு கல் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினேன். நான் போய்ச் சேரும்போது மாப்பிள்ளை புதரை விலக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். கையெல்லாம் தாழை முள் கீறிய கோடு, நெற்றியில் ஒரு வீக்கம். அவ்வளவுதான். என்னைப் பார்த்தார். என் முழங்காலைப் பார்த்தார். வேட்டி கிழிந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது, எனக்கே அப்போதுதான் தெரியும்.

"மச்சான், என்ன வே இது, முட்டு கிழிஞ்சிருக்கே!" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் காலடியில் குத்த வைத்து உட்கார்ந்து, கைக்குட்டையால் கட்டத் தொடங்கினார். மரணத்திலிருந்து தப்பி வந்தவர் அவர். கட்டுப் போடுகிறார் எனக்கு.

நான் அழுதுவிட்டேன். ஆம்பிளை அழலாமா என்றால் அழலாம், அப்படி ஒரு நாளில் அழலாம். "மாப்பிள்ளே, பின்னு சிரட்டையில கெடந்துது. நான் நேத்தே பாத்தேன். பாத்தும் மாட்டல. நீரு எனக்குப் பதில் சொல்லலேன்னு கோவத்துல விட்டுட்டேன்."

கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு முடிச்சை இறுக்கினார்.

"நானும் பாத்தேன் மச்சான். சாயங்காலம் போறப்ப சிரட்டையில கெடந்துது. நீரு மாட்டிருப்பீருன்னு இருந்துட்டேன். காலையில ஒருக்கா குனிஞ்சு பாத்திரலாம்னு தோணிச்சு. குனிஞ்சா, உம்ம நம்பலேன்னு நீரு நெனச்சிருவீரோன்னு குனியல."

கேட்டீர்களா? நான் மாட்டாமல் விட்டது வீம்பு. அவர் குனிந்து பார்க்காமல் விட்டது என் மனசு நோகக்கூடாது என்பதற்காக. அந்த மணலில் எனக்குக் கிடைத்த அடி முழங்காலில் பட்டதில்லை.

"நேத்து நான் கேட்டதுக்கு ஏன் ஓய் பதில் சொல்லல?" என்றேன்.

"நீரு எங்க என்கிட்டக் கேட்டீரு? வைஸுகிட்டல்லா கேட்டீரு" என்றார். "மத்தது எல்லாத்தையும் வைஸுகிட்டச் சொல்லலாம் மச்சான். பொண்டாட்டிய வைஸா வந்து கூட்டிட்டுப் போவும்?"

அன்று பந்தயத்தில் ஏழு வண்டிகள்தான் ஓடின. யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. நாங்கள் அங்கே இல்லை. கரமனைக்குப் போனோம், ஒரே ஜட்காவில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் நான் நிற்பது அதுதான் முதல் தடவை. அவர் முதலில் உள்ளே போய், செருப்பைக் கழற்றி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒழுங்காக வாசலுக்கு வந்து நின்றார். தங்கை நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். வயிறு மேடிட்டிருந்தது. முகம் மெலிந்திருந்தது. அவளுக்குப் பின்னால் தகரப் பெட்டி ஒன்று கட்டித் தயாராக இருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ.

"மாப்பிள்ளே, தங்கச்சிய அனுப்பி வையும்" என்றேன்.

"கூட்டிட்டுப் போரும் மச்சான்" என்றார்.

முடிந்தது. இரண்டே வாக்கியம். இதற்கா இரண்டு வருஷம்?

தங்கை சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். அவர் நெற்றி, என் முழங்கால், முள் கீறல். "என்ன நடந்துது?" என்று கேட்டாள். மறைக்கத் தெரியாத இரண்டு மடையர்களும் முழுக்கச் சொன்னோம். பின், சிரட்டை, வைஸ், எல்லாம். கேட்டு முடித்தாள். முகம் சிவந்தது. என் தங்கைதானே, அதே மூக்கு, அதே கோபம். எங்களைப் பார்க்காமல் திரும்பி நின்று, "பெட்டியே, கெளம்பு. இவுங்களோட எனக்குப் பேச்சு இல்ல" என்றாள்.

அன்றிலிருந்து அவள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தாள், வளை போட்டோம், அம்மா கண் குளிரப் பார்த்துக்கொண்டாள். எங்களுக்கு மட்டும் அம்மிதான் கதி. "அம்மியே, சோறு ஆறுது." "அம்மியே, கரமனையில இருந்து ஒரு ஆளு வந்திருக்கு, காப்பி வேணுமான்னு கேளு." நாங்கள் இரண்டு பேரும் திருதிருவென்று அம்மியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். கெஞ்சினோம். மாப்பிள்ளை அம்மி முன்னால் உட்கார்ந்து, "அம்மி, ஒருக்கா மன்னிச்சிரச் சொல்லு" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். "ஒரு பின்னுக்காக என்னத் தாலி அறுக்கப் பாத்தாங்க, மறக்கச் சொல்லுதியா அம்மி?" என்று பதில் வந்தது. நியாயம்தான். வாயைப் பொத்திக்கொண்டோம்.

அந்த இரண்டு மாதத்தில் வண்டியைப் புதரிலிருந்து இழுத்து வந்து நெளிவெடுத்தோம். இப்போது வாய்விட்டுப் பேசினோம், சண்டை போட்டுப் பேசினோம். பிரேக் ஆணியைப் புதிதாகக் கடைந்தோம். பின்னை நான் மாட்டினேன், இரண்டு காதையும் விரித்து மடக்கினேன். "மாப்பிள்ளே, இப்ப குனிஞ்சு பாரும்" என்றேன். "எதுக்கு வே" என்றார். "பாரும்" என்றேன். தரையில் மல்லாந்து படுத்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், காலை பத்து மணிக்குக் குழந்தை பிறந்தது. பெண். மருத்துவச்சி வந்து சொன்னாள். இரண்டு உசுரும் நலம். அம்மா எங்களை அறை வாசலில் கொண்டு வந்து நிறுத்தினாள். தங்கை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், பக்கத்தில் துணிச் சுருளுக்குள் ஒரு சிவந்த முகம். எங்களை நேராகப் பார்த்தாள். பெட்டியை அல்ல, அம்மியை அல்ல, எங்களை.

"அந்தப் பின்ன மாட்டியாச்சா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளைதான் பதில் சொன்னார்.

"மச்சான் மாட்டினாரு. நான் குனிஞ்சு பாத்தேன்."

"செரி, உள்ள வாங்க" என்றாள்.